தடை இருந்தால் செல்

எங்கள் பள்ளி மேடையில் ஒரு சிறு ரோபோ தலைமை விருந்தினரைத் துரத்திய நிகழ்ச்சி, ஓசூரில் இன்று பல பாடபேதங்களாக வழங்கிவருகிறது. ஒரு பாடத்தில் விருந்தினர் மேசைமேல் ஏறி நிற்கிறார். இன்னொன்றில் ரோபோ பள்ளி வாயிலைத் தாண்டி, நெடுஞ்சாலையில் இறங்கி, கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளிச் சோதனைச்சாவடியை நோக்கிப் போகிறது. என் கணவர் உறவினர் வீடுகளில் சொல்லும் பாடத்தில், நான் அதன் பின்னால் ஓடிக்கொண்டே அதற்கு ஒற்று மிகும் இடங்களைக் கற்பிக்கிறேன். இவற்றில் எதுவும் நடக்கவில்லை. ஆகவே நான் கண்ணால் கண்டதையும், தனித்தனியே கேட்டபோது இருவரேனும் ஒரேவிதமாகச் சொன்னதையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். உண்மையே போதிய அளவுக்கு அவமானகரமாக இருக்கையில் அதனை அலங்கரிக்கத் தேவையில்லை. (அலங்கரிக்கும் பணியை என் கணவர் ஏற்றுக்கொண்டுவிட்டார்.)

நான் ஒரு தனியார் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிப்பவள். ரோபோ வகுப்பு என் பொறுப்பில் வந்த வரலாறு சுருக்கமானது. அதைக் கற்பித்துவந்த இளைஞருக்கு ஆண்டின் நடுவில் பெங்களூரில் வேலை கிடைத்தது, அவர் போய்விட்டார். (ஓசூருக்கு வேலைக்கு வருகிறவர்கள் பலரும் ஒரு கண்ணை எல்லைக்கு அப்பால் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள்.) மறுநாள் தலைமையாசிரியை எஸ்தர் என்னை அழைத்தார். அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். எதையும் சுற்றிவளைத்துச் சொல்லமாட்டார்.

“டீச்சர், எதையும் முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிக்கிறது இந்த ஸ்கூல்ல நீங்க ஒருத்தர்தான். அந்த ரோபோ பெட்டிக்குள்ள ஒரு புஸ்தகம் கிடக்கு. வாசிச்சிட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுங்க.”

“மேடம், எனக்கு ஃபியூஸ் போடக்கூடத் தெரியாது.”

“ஃபியூஸ் போட எலக்ட்ரீசியன் இருக்காரு. வேற ஆள் வர்ற வரைக்கும்தான டீச்சர். சமாளிங்க.”

அப்புத்தகத்தை நான் முழுமையாக வாசித்தேன். அச்சுப்பிழைகளையும் குறித்துவைத்தேன். அந்த ஊக்கத்தில், பொருளும் விளங்கிவிட்டதாக எனக்கு ஓர் எண்ணம் ஏற்பட்டது. பின்னால் நேர்ந்த அனைத்துக்கும் அவ்வெண்ணமே வித்து.

எங்களிடம் நான்கு ரோபோக்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு டிபன் டப்பாவின் அளவு. பக்கத்துக்கு ஒன்றாகச் சக்கரங்கள். உள்ளே ஒரு சிறு மின்பலகை. முன்புறத்தில் வலை போர்த்திய இரண்டு வட்டங்கள். மாணவியர் அவ்வட்டங்களைக் கண்கள் என்பார்கள். உண்மையில் அவை காதும் வாயும்: ஒன்று நமக்குக் கேட்காத ஒலியை அனுப்பும், எதிரே உள்ள பொருளில் பட்டுத் திரும்பும் அவ்வொலியை மற்றொன்று வாங்கும். ஒரு முழத் தொலைவுக்குள் ஏதேனும் இருந்தால் ரோபோ அதைத் தடை என்று அறியும். அதன்பின் என்ன செய்யவேண்டும் என்பதைக் கணிப்பொறியில் வண்ணக் கட்டங்களை அடுக்கி, ஒரு கம்பி வழியாக அதற்குள் அனுப்பவேண்டும். ஒன்பதாம் வகுப்பு மாணவியர் குழு அனுப்பியிருந்த ஆணை இது: தடை இருந்தால் நில்; இல்லையேல் செல். இதைவிடச் செப்பமான வாக்கியம் பாடநூல்களில்கூட அரிது என்று நான் வகுப்பில் சொன்னேன்.

அக்குழுவின் தலைவி நஸ்ரின். பாகலூர் சாலையில் அவளுடைய தந்தைக்கு டயர்க் கடை. எந்தத் திருகாணியையும் கழற்றிப் பார்க்காமல் அவளுக்கு உறக்கம் வராது. சென்னையில் மாநிலப் போட்டி ஒன்று நடக்கவிருந்தது. எங்கள் நிர்வாகத்துக்கு ஓசூரில் ஒரு பள்ளி, கிருஷ்ணகிரியில் ஒரு பள்ளி. போட்டிக்கு அனுப்புவது ஒரு குழுவைத்தான். பயணச் செலவை ஏற்கும் வாகன உதிரிபாக ஆலையின் மேலாளர் எங்கள் அறிவியல் கண்காட்சிக்குத் தலைமை விருந்தினராக வருவார். எங்கள் ரோபோ மேடையின் ஒரு முனையிலிருந்து ஒரு ரோஜாவைச் சுமந்து சென்று அவருக்கு முன்னால் நிற்கவேண்டும். அவருக்குப் பிடித்தால் எங்கள் பிள்ளைகள், பிடிக்காவிட்டால் கிருஷ்ணகிரிப் பிள்ளைகள். ஏற்பாடு இதுதான்.

“அடுத்த வருசம் போகலாமேம்மா” என்று நான் ஒருமுறை நஸ்ரினிடம் சொன்னேன்.

“அடுத்த வருசம் டென்த் மிஸ். டென்த்ல ரோபோ ரூம் பக்கமே வுடமாட்டாங்க. பி.டி. பீரியடுக்கே மேத்ஸ் சார் வந்து நின்னுக்குவாரு. இந்த வருசம் இல்லன்னா இல்லதான்.”

அவள் சொன்னதில் மிகை ஏதுமில்லை. எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு மாணவர் வானத்தைப் பார்ப்பதற்கும் அனுமதி வேண்டும்.

இந்நிலையில் ஆயுத பூஜை வந்தது. ஓசூரில் அது வீட்டு விழா அன்று, ஊர் விழா. ஆலைகளில் எந்திரங்களை நிறுத்திக் கழுவித் துடைத்துப் பொட்டிடுவார்கள். கடைசல் எந்திரம் முதல் வாயிற்காவலரின் கைவிளக்கு வரை ஒன்றும் விடுபடாது. எங்கள் பள்ளியிலும் பேருந்துகள், நகலெடுக்கும் எந்திரம், மணி, தையல் எந்திரங்கள் ஆகிய அனைத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். ரோபோ அறை என் பொறுப்பாதலால் நான்கு ரோபோக்களுக்கும் நானே வைத்தேன். அவற்றுக்கு நெற்றி என்று ஒன்றில்லை. முகம் என்று சொல்லத்தக்க இடத்தில் இரண்டு வட்டங்களே இருந்தன. எனவே வட்டத்துக்கு ஒன்றாக, கெட்டியாகக் குழைத்த சந்தனத்தை நடுவில் இட்டு, அதன்மேல் குங்குமம் வைத்தேன். அரைகுறையாக எதையும் செய்வது என் வழக்கமன்று. இவ்விவரத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை; நாங்களும் வைத்துக்கொள்ளவில்லை.

விடுமுறை முடிந்து வந்ததும் ரோபோவை இயக்கினோம். விளக்கு எரிந்தது, ஒலி எழுந்தது, சக்கரம் அசையவில்லை. இரண்டாவதை எடுத்தோம்; அதுவும் அவ்வாறே. மூன்றாவதும் நான்காவதும் அப்படியே. நான் நாற்காலியில் அமர்ந்து முறையாகச் சிந்தித்தேன். நான்கு பொருள்கள் ஒரே நேரத்தில் ஒரேவிதமாகப் பழுதாவது இயற்கையன்று. ஆகவே குற்றம் பொருளில் இல்லை, நான்குக்கும் பொதுவாக உள்ள மென்பொருளில்தான் இருக்கவேண்டும். இந்த அனுமானத்தில் இன்றும் என்னால் ஒரு குறை காணமுடியவில்லை. அது தவறு என்பதைத் தவிர.

பழுது நீக்கும் பகுதியைப் புத்தகத்திலிருந்து வரிக்கு வரி பின்பற்றினேன். கணிப்பொறி ரோபோவை அடையாளம் காணவில்லை என்றது. கம்பியை மாற்றச் சொல்லியிருந்தது, மாற்றினேன். மாற்றிய கம்பி கைப்பேசிக்கு மின்னேற்ற மட்டுமே உதவுவது, செய்தியைக் கடத்தாது என்பதை நஸ்ரின் எடுத்துச் சொல்லும்வரை அரை நாள் அதனுடன் போராடினேன். பிறகு இணைப்புக்கான துணை மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவினேன். அப்போது கணிப்பொறி, பள்ளியின் அச்சுப்பொறியை மறந்துவிட்டது. (அலுவலகத்தில் அன்று எவருக்கும் மாற்றுச் சான்றிதழ் அச்சிட முடியவில்லை. அதற்கு நான் காரணம் என்பதை இக்கட்டுரை வாயிலாகவே அலுவலகத்தார் அறிவார்கள்.)

இறுதியில், பெட்டியின்மேல் அச்சிட்டிருந்த உதவி எண்ணை அழைத்தேன். பெங்களூரிலிருந்து கிரண் என்னும் இளைஞர் காணொளியில் தோன்றினார். கன்னடத்தையும் தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே வாக்கியத்தில் சண்டையின்றிக் குடியமர்த்தும் வல்லமை அவருக்கு இருந்தது.

“மேடம், நாலு ரோபோனும் ஒட்டிகே கெட்டோகல்ல. சாஃப்ட்வேர் இஷ்யூதான்.”

நான்கும் ஒருசேரக் கெடாது என்ற என் அனுமானத்தை ஒரு வல்லுநரே உறுதிசெய்துவிட்டார். எனக்கு உள்ளூரப் பெருமிதம்.

“ரோபோவ கேமரா கிட்ட காட்டி மேடம். ம்ம். நீட்டா வச்சுக்கொண்டிருக்கீங்க. கிளீன். ஹார்ட்வேர்ல ஏனு ப்ராப்ளம் இல்ல. ஃபர்ம்வேர் ஹளேது, பழசு. அப்டேட் மாடிபுடி, சரி ஆயித்து.”

சந்தனம் மெழுகிய கண்களுடன் ரோபோ அவரை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அதைக் காணவில்லை. அவர்மேல் குறை சொல்வதற்கில்லை. அவருக்குப் பின்னாலிருந்த கணிப்பொறித் திரையின் மேல்விளிம்பிலும் மூன்று பொட்டுகள் இருந்தன. அம்மாதத்தில் எங்கள் ஊரிலும் அவருடைய ஊரிலும் பொட்டில்லாத எந்திரம்தான் கண்ணில் உறுத்தியிருக்கும்.

ஃபர்ம்வேர் என்பதைத் தமிழில் நிலைபொருள் என்கிறார்கள். மின்பலகைக்குள் நிலையாகத் தங்கி, நாம் அனுப்பும் ஆணைகளை அதற்கு விளங்கவைக்கும் அடிப்படை மென்பொருள் அது. அதைப் புதுப்பிக்க முனைந்தபோது நஸ்ரின் என் கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னாள்:

“மிஸ், அப்டேட் பண்ணா உள்ள இருக்குறது எல்லாம் போயிடும். நாம எழுதுனது இந்த லேப்டாப்ல இல்ல, பழைய சார் லேப்டாப்ல இருந்துச்சு, அத அவரு கூடவே எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. ரோபோக்குள்ள மட்டும்தான் இருக்குது.”

“வல்லுநர் சொல்றாரும்மா.”

“அவருக்கென்ன மிஸ், அவரு சொல்லிட்டு ஃபோன வச்சிடுவாரு.”

நான் பொத்தானை அழுத்தினேன். நான்கு ரோபோக்களிலும் நிலைபொருள் புதியதாயிற்று. நான்கிலும் இருந்த ஆணைகள் அழிந்தன. சக்கரங்கள் முன்போலவே அசையாதிருந்தன. நஸ்ரின் கணிப்பொறியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வண்ணக் கட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக மறுபடியும் அடுக்கத் தொடங்கினாள். அவள் அடுக்கிய வேகத்தில் எனக்கான கண்டனம் தெளிவாகக் கேட்டது.

என் கணவர் ராஜவேலு, சிப்காட்டில் ஒரு வால்வு ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருப்பவர். அவரிடம் கேட்பதில்லை என்று உறுதிபூண்டிருந்தேன். கண்காட்சி நெருங்கவே உறுதி தளர்ந்து, ஒரு ரோபோவை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

“டீச்சரம்மா எங்கிட்ட வந்து நிக்கிறாங்கன்னா மேட்டர் பெருசுதான் போலிருக்குது” என்று சொல்லிக்கொண்டே அதைக் கவிழ்த்துப் பார்த்தார். மின்கலத்தை அளந்து பார்த்தார். சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். பிறகு தமது கைக்குட்டையை எடுத்து, பொட்டுகள் அழியாதபடி அவற்றைச் சுற்றியிருந்த தூசியை மட்டும் பயபக்தியுடன் தட்டிவிட்டார். “மோட்டார் நல்லா இருக்குது. பேட்டரி நல்லா இருக்குது. உன் புரோகிராம்தான் சரியில்ல. எழுதுனது யாரு, நீயா?”

“பிள்ளைங்க எழுதினது.”

“அப்ப நீ என்னமோ திருத்தியிருப்ப.”

இவ்வாறாக, மூன்று பேர் ஒரு முடிவுக்கு வந்தோம். மூவர் கண்களுக்கு முன்னும் சந்தனம் இருந்தது.

உண்மையை நெருங்கியவள் நஸ்ரின் மட்டுமே. ரோபோவின் உணரி என்ன சொல்கிறது என்பதைக் கணிப்பொறித் திரையில் எண்ணாகக் காட்டும்படி அவள் ஒரு கட்டத்தைச் சேர்த்தாள். பிறகு என்னை அழைத்தாள்.

“மிஸ், முன்னாடி ஏதோ இருக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருக்குது. ஒண்ணுமே இல்ல பாருங்க. சுவரப் பார்த்து வச்சாலும் அதேதான், ஜன்னலப் பார்த்து வச்சாலும் அதேதான். தடை இருக்குன்னு நெனச்சுத்தான் நிக்குது. நாம சொன்னத ஒழுங்காத்தான் செய்யுது.”

“அப்படின்னா புது நிலைபொருள் எண்ணத் தப்பாக் காட்டுது.”

“அப்டேட்டுக்கு முன்னாடியும் நின்னுச்சே மிஸ்.”

 விடை இல்லாதபோது ஆசிரியர் செய்வதைச் செய்தேன், பாடத்தைத் தொடர்ந்தேன். மறுநாள் கண்காட்சி. ரோபோ எப்போதும் தடை இருப்பதாகவே நம்புகிறது என்றால், அந்நம்பிக்கையை ஏற்றுக்கொண்டு ஆணையைத் திருப்பிவிட்டால் என்ன? தடை இருந்தால் செல்; இல்லையேல் நில்.

“மிஸ், இது ஏமாத்துற மாதிரி இருக்குது.”

“ஏமாத்து இல்லம்மா. உடன்பாட்டுல சொன்னத எதிர்மறையில சொல்றோம். பொருள் ஒண்ணுதான்.”

“அப்ப சார் முன்னாடி எப்படி நிக்கும்?”

“சார் பக்கத்துல நீ நில்லு. வந்ததும் தூக்கி சுவிட்ச அணைச்சிடு.”

நிறுத்துவதற்கு ஒரு நஸ்ரின் இருக்கையில் நிறுத்துவதற்கென்று ஓர் ஆணை எதற்கு என்பது என் கருத்து. ஒத்திகை பார்த்தோம். ரோபோ புறப்பட்டது, நேராகச் சென்றது, நஸ்ரின் குனிந்து எடுத்து அணைத்தாள். தலைமையாசிரியை கைதட்டினார். “டீச்சர், நீங்க சாதிச்சிட்டீங்க” என்றார். நஸ்ரினின் முகத்தில் மட்டும், உப்புப் போடாத சாம்பாரைப் புகழக் கேட்டவளின் பாவம் இருந்தது.

கண்காட்சி நாள் காலையில் ரோபோவை மேடையின் பின்னறையில், ஒரு வெண்துணி விரித்த மேசைமேல் வைத்தோம். தலைப்பகுதியில் ஒரு சிறு மூடி. மூடியில் ஓர் ஓசூர் ரோஜா. வாழ்த்துப்பாடல், வரவேற்புரை, குத்துவிளக்கு ஏற்றுதல் ஆகியவை முடிந்தன. என் கணவர் அரைநாள் விடுப்பெடுத்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருந்தார். பின்னறையிலிருந்து ஒரு மாணவி ரோபோவை ஏந்திவந்து மேடையின் ஒரு முனையில் வைத்தாள். மறுமுனையில் விருந்தினர், அவருக்கு அருகில் நஸ்ரின். கோவைப் பக்கத்தைச் சேர்ந்த அவ்விருந்தினர், பொறுமையும் கனிவும் உள்ளவர். கையில் ஒலிவாங்கியுடன் நின்றிருந்தார்.

இயக்கினோம். ரோபோ நகரவில்லை.

நஸ்ரின் மேடையை விட்டுக் கீழே இறங்கிக் கணிப்பொறியை நோக்கி ஓடினாள். அரங்கு மொத்தமும் ரோபோவையே பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பொறுக்காத தலைமையாசிரியை, “சார், கொஞ்சம் கிட்ட வந்து பாருங்க. புது ஆளுன்னு வெக்கப்படுது போல” என்றார்.

விருந்தினர் அருகில் வந்து குனிந்தார். ரோபோ புறப்பட்டு அவருடைய காலணிகளை நோக்கி ஓடியது. அவர் பின்வாங்கினார். அது நின்றது.

“ஓடுதுங்களே” என்றார் அவர், மகிழ்ச்சியுடன். மீண்டும் குனிந்தார். மீண்டும் ஓடிவந்தது. இம்முறை சற்று விரைவாகப் பின்வாங்கினார். நின்றது. “ஏனுங்க டீச்சர், நான் வந்தா முட்ட வருது, போனா நின்னுக்குது. நம்மளப் புடிக்கலீங்களா அதுக்கு?”

ஒலிவாங்கி வழியாக இக்கேள்வி பள்ளி முழுவதும் கேட்டது. எண்ணற்ற மாணவர் சிரித்தனர். (எண்ணற்ற என்பது என் வழக்கத்துக்கு மாறான சொல், அப்போது எண்ணும் நிலையில் நான் இல்லை.) அவர் மூன்றாம் முறை பின்வாங்கியபோது நாற்காலி அவருடைய முழங்காலின் பின்புறம் இடித்தது, அமர்ந்தார். மேசைமேல் ஏறவில்லை, நாற்காலியில் இரு கால்களையும் தூக்கி வைத்துக்கொண்டார். அவ்வளவே நிகழ்ந்தது. தலைமையாசிரியை ரோபோவைக் குனிந்து திருப்பிவிட்டார். ஆனால் திருப்பியவரே அதன் முன்னால் நின்றுவிட்டார். அது அவரை நோக்கிப் பாய்ந்தது. கோழியை விரட்டுவதுபோல அவர் புடவை முந்தானையை வீசி, “போ, அங்கிட்டுப் போ” என்று சொல்லிக்கொண்டே பின்னோக்கி நடந்து, ஒருபுறமாக விலகினார். அவருக்குப் பின்னால் குத்துவிளக்கு இருந்தது.

மனிதர்கள் பின்வாங்கினார்கள், விளக்கு பின்வாங்கவில்லை. ரோபோ அதன் அடிப்பகுதியை முட்டி, முட்டிய நிலையிலேயே சக்கரங்களைச் சுழற்றிக்கொண்டிருந்தது. ரோஜா விழுந்தது. சுடர்கள் ஆடின. அது பிழை ஏதும் செய்யவில்லை என்பதை இங்கே நான் பதிவுசெய்யவேண்டும். நான் எழுதிக்கொடுத்த வாக்கியத்தை, அந்த மேடையில் இருந்த எவரும் எந்த வாக்கியத்தையும் பின்பற்றியதைக் காட்டிலும் துல்லியமாக அது பின்பற்றிக்கொண்டிருந்தது.

என் கணவர் மேடையில் ஏறி அதைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். இப்போது அதன் முன்னே அவருடைய மார்பு என்னும் தடை இருந்தது. ஆகவே சக்கரங்கள் நிற்கவில்லை. அவருடைய சட்டைப்பை ஒரு சக்கரத்தில் சிக்கி மெல்லச் சுருண்டது.

“கலை, இத எப்படி நிறுத்தறது?”

 எந்த ஆணைக்கு எது எதிர்மறை என்பது அக்கணத்தில் என் நினைவிலிருந்து முற்றிலும் நீங்கியிருந்தது. நஸ்ரின் படியேறி வந்து, அவர் கையிலிருந்து வாங்கி, அடியிலிருந்த சுவிட்சை அணைத்தாள். பிறகு அதன் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“மிஸ்” என்றாள் தாழ்ந்த குரலில். “பொட்டு இல்ல.”

வலை போர்த்திய இரு வட்டங்களும் கடையிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோலத் துலக்கமாக இருந்தன.

“டெக்னிக்கல் ஃபால்ட் சார், வேற ஒண்ணுமில்ல” என்றார் தலைமையாசிரியை. விருந்தினர் கால்களைத் தரையில் இறக்கிவைத்துவிட்டு, அவரிடம் கேட்காமல் நஸ்ரினிடம் கேட்டார்.

“என்னாச்சு கண்ணு?”

அவள் ஒருமுறை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருளை நான் அறிவேன். அவள் என்ன சொன்னாலும் அவளுடைய குழு சென்னைக்குப் போவதும் போகாததும் அடுத்த சில வாக்கியங்களில் முடிவாகிவிடும். என்னைக் காப்பாற்றினால் தவறு குழுவின்மேல் விழும். உள்ளதைச் சொல் என்று நான் தலையசைத்தேன்.

“சென்சார் மேல பூஜைச் சந்தனம் காஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்திருக்குது சார். அதனால எப்பவும் முன்னாடி ஆள் இருக்குன்னு நெனச்சு நின்னுக்கிட்டே இருந்துச்சு. எங்களுக்கு அது தெரியல. சரி, ஆள் இருந்தா ஓடுன்னு மாத்தி எழுதிட்டோம். இப்ப யாரோ தொடச்சு வுட்டிருக்காங்க. சென்சார் சரியாயிடுச்சு. அதான் நெசமாவே ஆளப் பார்த்தா ஓடுது.”

“மாத்தி எழுதுனது யாருங்க?”

“நான்தான்” என்றேன். “அந்தப் பொண்ணு வேண்டாம்னுதான் சொல்லிச்சு.”

விருந்தினர் சிரிக்கவில்லை. “எங்க பிளான்ட்லயும் இப்பிடித்தானுங்க. கோளாறு எங்கன்னு தேடமாட்டாங்க. கோளாறுக்கு ஏத்தாப்புல மத்ததையெல்லாம் மாத்தி வச்சுடுவாங்க. ஒரு நாள் எவனாச்சும் கோளாறச் சரி பண்ணிப்போடுவான். அன்னைக்குத்தான் லைனே நிக்கும்.” நஸ்ரின் பக்கம் திரும்பினார். “நான் உக்காந்திருக்கேன் கண்ணு. மொத எழுதினத மறுக்கா எழுதிப் போடுவியா?”

அவள் மேடையிலேயே தரையில் அமர்ந்து, கீழேயிருந்த கணிப்பொறியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு கட்டங்களை இடம் மாற்றினாள், கம்பியை மாட்டி அனுப்பினாள், கம்பியைக் கழற்றினாள். கீழே விழுந்திருந்த ரோஜாவைத் தட்டி மூடியில் வைத்தாள். ரோபோவை மேடையின் முனையில் வைத்து இயக்கினாள். அது புறப்பட்டது.  விருந்தினர் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அவருக்கு ஒரு முழம் முன்னால் அது நின்றது. அவர் அவநம்பிக்கையுடன் ஒரு காலை நீட்டிப் பார்த்தார். நகரவில்லை. ரோஜாவை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

தேநீர் நேரத்தில் தமது முடிவைத் தலைமையாசிரியையிடம் அவர் சொன்னபோது நான் கதவுக்கு அருகில் இருந்தேன். நஸ்ரினும் இருந்தாள், இருவரும் கேட்டது ஒன்றே.

“இந்தப் பிள்ளைங்களே போகட்டுங்க. போட்டியில ஏதாச்சும் நின்னுபோனா அந்தப் பொண்ணுக்குக் காரணம் கண்டுபிடிக்கத் தெரியும். டீச்சரையும் துணைக்கு அனுப்புங்க, பாவம். ஆனா லேப்டாப் மட்டும் அவங்க கையில குடுத்துப்போடாதீங்க.”

நான் துணைக்குச் சென்றேன். கணிப்பொறி நஸ்ரினின் பையில் வந்தது. என்னிடம் சப்பாத்திப் பொட்டலங்கள் ஒப்படைக்கப்பட்டன. சென்னையில் அவர்கள் முதற்சுற்றைக் கடந்து, இரண்டாம் சுற்றில் தோற்றார்கள். திரும்பும் பேருந்தில் நஸ்ரின் தோல்விக்கான காரணங்களை எனக்கு விளக்கிக்கொண்டே வந்தாள். வேலூர் வரை விளக்கினாள். அவ்வளவு மகிழ்ச்சியாக ஒருவர் தோற்று நான் கண்டதில்லை.

சந்தனமே காரணம் என்பது ஊகமன்று. மற்ற மூன்று ரோபோக்களின் கண்களில் பொட்டு அப்படியே இருந்தது, ஒவ்வொன்றாகத் துடைத்து இயக்கினோம், ஒவ்வொன்றும் ஓடிற்று. ஒன்றன்மேல் மறுபடியும் சந்தனம் பூசிக் காயவைத்தோம்; நின்றது. பெங்களூர் கிரணுக்கும் தெரிவித்தேன். இன்னொருமுறை சொல்லச் சொன்னார். பிறகு, “மேடம், இத மேன்யுவல்ல சேர்க்கோணும்” என்றார். அடுத்த ஆயுத பூஜையிலிருந்து எங்கள் பள்ளியில் ரோபோக்கள் வந்த அட்டைப்பெட்டிக்கு மட்டுமே பொட்டு வைக்கப்படுகிறது. அதையும் வேறொருவர் வைக்கிறார்.

வீட்டில் இதன் விளைவு நிலைத்துவிட்டது. ஏதேனும் ஒன்றுக்காக நான் சினந்து சமையலறையிலிருந்து வெளியே வந்தால், என் கணவர் நாளிதழைத் தாழ்த்தி, நிதானமாக இரண்டடி பின்வாங்கி நிற்பார். வந்திருக்கும் விருந்தினர் யாராயினும் அவருக்கு விளக்குவார்: “கிட்டப் போனாத்தாங்க முட்டும். இந்த தூரத்துல நின்னா ஒண்ணும் பண்ணாது. உள்ள எழுதியிருக்குறது அப்படி.” என் மகன் அப்போது தன் கால்களைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்வான். இதற்கு அவர்கள் இருவரும் ஒத்திகை பார்த்திருப்பதாக நான் சந்தேகிக்கிறேன்; நிறுவ முடியவில்லை.

நிறுவ முடியாதது இன்னொன்றும் உண்டு. பின்னறையில் மேசைமேல் இருந்த அந்த ஒரு ரோபோவின் கண்களை அன்று காலை யாரோ ஈரத்துணியால், ஓரங்களிலும் சந்தனம் தங்காதபடி, மிகக் கவனமாகத் துடைத்திருக்கிறார்கள். பின்னறையைக் கூட்டும் முனியம்மாவைக் கேட்டேன். சாமிப் பொட்டைத் தாம் தொடுவாரா என்று அவர் வருத்தப்பட்டார். தலைமையாசிரியை, பின்னறைக்குள் தாம் போகவே இல்லை என்கிறார். ஏந்திவந்த மாணவி, தான் எடுக்கும்போதே அது சுத்தமாக இருந்தது என்கிறாள். நஸ்ரினையும் கேட்டேன். துடைக்கத் தோன்றியிருந்தால் முந்தின வாரமே துடைத்திருப்பேனே மிஸ் என்றாள். அது நியாயமான விடை. என் கணவர் இல்லை என்றார். ஆனால் அவர் இல்லை என்பதற்கும் ஆம் என்பதற்கும் ஒரே முகத்தை வைத்துக்கொள்பவர். துடைத்தவர் யார் என்பது இன்றளவும் தெரியவில்லை.